ஸ்டார்ஃப்ளீட் ஆமியா, இல்லையா?

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் வந்து தடக்குப்படும் இடம் ஒன்று உண்டு. ஸ்டார்ஃப்ளீட் என்ற விண்வெளிக் கப்பற்படை புதிய உலகங்களைத் தேடிப் போகிறது, விண்மீன்களுக்கு வரைபடம் போடுகிறது, அறியாத உயிர்களோடு பேச்சு வைத்துக்கொள்கிறது. அதே கப்பலுக்கு அட்மிரலிடமிருந்து கட்டளை வருகிறது, கப்டன் சுடச் சொல்கிறார், எதிரிக் கப்பல் சிதறுகிறது. அப்படியென்றால் இது ஆராய்ச்சி நிறுவனமா, கடற்படையா?

பதிலைத் தொடருக்குள்ளேயே தேடினால் இரண்டு பக்கத்துக்கும் சாட்சி கிடைக்கும். 1967இல் ஒளிபரப்பான ஒரு கதையில் என்டர்பிரைஸ் என்ற ஸ்டார்ஃப்ளீட் கப்பலின் கப்டன் கேர்க், தான் போர்வீரன், இராஜதந்திரி இல்லை என்கிறார். 1989இல் கப்டன் பிக்கார்ட், ஸ்டார்ஃப்ளீட் இராணுவ அமைப்பே இல்லை, ஆய்வுப் பயணம்தான் அதன் நோக்கம் என்று அடித்துச் சொல்கிறார். சொன்ன அதே கதையில் போர்ப் பயிற்சி ஒன்றை நடத்தவும் செய்கிறார். 'போர்க்' என்ற எதிரியின் ஆபத்து வந்துவிட்டது என்பது அவர் சொல்லும் காரணம். கப்டன்மாரின் வசனங்களை வைத்து வழக்குப் பேசினால் விடிய விடியப் பேசலாம், தீர்ப்பு வராது. விவாத மேடையில் இந்தத் தலைப்பு கிடைக்கும் மாணவர்கள் செய்யும் முதல் பிழையும் இதுதான்: வசனத்தைப் பிடித்துக்கொண்டு அமைப்பை விட்டுவிடுகிறார்கள்.

ஓர் அமைப்பு தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை ஒருபக்கம் வைத்துவிட்டு, அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதே வழி. அதற்கு முன்னர், பார்த்தவுடன் கண்ணில் படுகிற, ஆனால் எதையும் தீர்மானிக்காத மூன்று விடயங்களைத் தள்ளிவைக்க வேண்டும். ஆயுதம், சீருடை, பதவிப் பெயர்.

ஆயுதம் இருந்தால் ஆமி என்பது சரிவராது. இலங்கையின் விசேட அதிரடிப்படையிடம் கனரகத் துப்பாக்கிகள் உண்டு, போர்க்கால அனுபவமும் உண்டு. சட்டப்படி அது பொலிஸின் ஒரு பிரிவு. மறுபக்கம், 1872இல் உலகக் கடல்களை ஆராயப் புறப்பட்ட சலஞ்சர் என்ற பிரித்தானியக் கப்பலைப் பாருங்கள். அதிலிருந்த 17 பீரங்கிகளில் 15ஐக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஆய்வுகூடங்களும் ஆழம் அளக்கும் கயிறுகளும் மாதிரி சேகரிக்கும் போத்தல்களும் ஏற்றினார்கள். 1876 வரை அது செய்தது முழுக்கக் கடலாய்வு. ஆனாலும் புறப்பட்ட நாள் முதல் திரும்பிய நாள் வரை அது ரோயல் நேவியின் கப்பல்தான். கப்டனும் மாலுமிகளும் கடற்படைக்காரர். விஞ்ஞானிகள் ஒரு சிறு குழுவாகக் கூடப் போனார்கள். ஸ்டார்ஃப்ளீட்டுக்கு வரலாற்றில் மிகக் கிட்டிய உறவு இந்தக் கப்பல் என்று சொல்லலாம். 1768இல் கப்டன் குக் போன எண்டெவர் கப்பலும் இதே வகை: வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதை அளப்பது வெளிப்படையான வேலை; தெற்கே புதிய கண்டம் இருக்கிறதா என்று தேடுவது கையில் இருந்த இரகசியக் கட்டளை; கப்பல் கடற்படையுடையது.

சீருடையும் பதவிப் பெயரும் இன்னும் மோசமாக ஏமாற்றும். அமெரிக்காவில் நோவா என்று அழைக்கப்படும் சமுத்திர, வளிமண்டல நிறுவனத்துக்கு ஓர் அதிகாரிகள் அணி இருக்கிறது. லெப்டினன்ட், கொமாண்டர், கப்டன், ரியர் அட்மிரல் என்று கடற்படைப் பதவிகள்தான் அவர்களுக்கும். சீருடையும் கடற்படையை ஒத்தது. வேலையோ ஆய்வுக் கப்பல் ஓட்டுவது, கடலடியை அளப்பது, சூறாவளிக்குள் விமானம் செலுத்துவது. அமெரிக்கச் சட்டத்தில் சீருடைச் சேவைகள் 8, அவற்றில் ஆயுதப்படைகள் 6. வெளியே நிற்கும் இரண்டில் ஒன்று இது. மற்றது பொதுச் சுகாதார சேவை.

இந்த அணி எப்படி வந்தது என்பது நமது கேள்விக்கு நேரடியாகவே பயன்படும். 1917இல் அமெரிக்கா முதலாம் உலகப் போருக்குள் இறங்கியபோது, கரையோரத்தை அளந்து படம் போடும் சிவில் நில அளவையாளர்கள் படைகளுக்காக வேலை செய்ய வேண்டி வந்தது. சாதாரண உடுப்போடு கரையில் நின்று ஆழமும் தூரமும் குறிப்பெடுக்கும் ஒருவர் எதிரியிடம் அகப்பட்டால் அவரை ஒற்றர் என்று சொல்லிச் சுட்டுவிடலாம். சீருடையும் அதிகாரி நியமனமும் இருந்தால் போர்க்கைதியாக நடத்த வேண்டும். அந்தப் பாதுகாப்புக்காகவே அவர்களுக்கு நியமனம் கொடுத்தார்கள். ஆக, பதவியும் சீருடையும் இருந்தும் ஓர் அமைப்பு இராணுவமாக இல்லாமல் இருக்கலாம். பிக்கார்ட் கட்சிக்கு இதைவிட நல்ல வாதம் கிடையாது. இதை எடுத்துப் பேசுகிறவர்கள்தான் குறைவு.

சரி, எதைத்தான் பார்ப்பது? போர்ச் சட்டத்தில் இரண்டு இடங்கள் நேரே உதவும். ஜெனீவாச் சமவாயங்களுக்கான 1977ஆம் ஆண்டின் முதலாம் மேலதிக நெறிமுறையில் 43ஆம் உறுப்புரை ஆயுதப்படையை விவரிக்கிறது. ஒழுங்கமைக்கப்பட்ட ஆயுத அணியாக இருக்க வேண்டும். தனக்குக் கீழுள்ளவர்களின் நடத்தைக்கு, போரிடும் தரப்பிடம் பொறுப்புச் சொல்லும் தலைமை இருக்க வேண்டும். உள்ளே ஓர் ஒழுக்காற்று முறை இருக்க வேண்டும், அது போர்ச் சட்டத்தைக் கடைப்பிடிக்க வைக்க வேண்டும். அந்த அணியின் பெயர் என்ன, அமைதிக் காலத்தில் என்ன செய்கிறது, தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறது என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை.

மற்றது 1982ஆம் ஆண்டின் கடற் சட்டச் சமவாயம், 29ஆம் உறுப்புரை. போர்க்கப்பல் எது என்பதற்கு அது நான்கு அடையாளம் தருகிறது: ஒரு நாட்டின் ஆயுதப்படைக்குச் சொந்தமாக இருப்பது, எந்த நாட்டுடையது என்று காட்டும் வெளிக்குறிகள் இருப்பது, அரசால் முறைப்படி நியமிக்கப்பட்டு, சேவைப் பட்டியலில் பெயர் உள்ள அதிகாரியின் கீழ் இருப்பது, மாலுமிகள் ஆயுதப்படை ஒழுக்கத்துக்கு உட்பட்டிருப்பது. பீரங்கி என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். பீரங்கி கழற்றிய சலஞ்சர் இந்த வரைவிலக்கணத்தில் அப்படியே பொருந்திவிடும்.

இனி என்டர்பிரைஸ் கப்பலை இதில் வைத்துப் பார்ப்போம். உடலில் என்.சி.சி.-1701 என்று பெரிதாக எழுதியிருக்கிறது, வெளிக்குறி உண்டு. கப்டன், ஸ்டார்ஃப்ளீட்டை வைத்திருக்கும் அரசான கோள்களின் கூட்டமைப்பால் நியமனம் பெற்ற அதிகாரி. ஒழுக்கம்? 1967இல் ஒளிபரப்பான ஒரு கதை முழுவதுமே கேர்க் மீதான இராணுவ நீதிமன்ற விசாரணை. தனக்குக் கீழிருந்த ஓர் அதிகாரியின் மரணத்துக்கு அவருடைய கவனயீனம் காரணமா என்பது குற்றச்சாட்டு. பல்கலைக்கழகத்து ஆய்வுக் கப்பலில் இப்படி நடந்தால் பொலிஸ் வரும், சிவில் நீதிமன்றம் விசாரிக்கும். இங்கே ஸ்டார்ஃப்ளீட்டே குற்றம் சுமத்துகிறது, அதன் அதிகாரிகளே நீதிபதிகளாக இருக்கிறார்கள்.

ஆனால் முதலாவது அடையாளத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'ஆயுதப்படைக்குச் சொந்தமான கப்பல்' என்று சொல்லும்போது, எந்தப் படை ஆயுதப்படை என்பது ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். நாம் கேட்பதே அதைத்தானே! எனவே 29ஆம் உறுப்புரையை மட்டும் வைத்து வாதிட்டால் எதிரணி உங்களை வட்டத்துக்குள் சுற்ற விட்டுவிடும். முதலில் 43ஐக் கொண்டு அமைப்பைத் தீர்மானித்து, பிறகு 29ஐக் கொண்டு கப்பலுக்கு வர வேண்டும். வரிசை மாறினால் வாதம் விழுந்துவிடும்.

அன்றாட வேலையைப் பார்த்துத் தீர்மானிப்பதும் வழுக்கும் இடம். யாழ்ப்பாணத்து வாசகருக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. காங்கேசன்துறையில் தல்செவன என்ற கடற்கரை விடுதியை நடத்துவது இராணுவம். நெடுந்தீவில் யாருக்காவது கடுமையான வருத்தம் என்றால் நேவிப் படகு குறிகட்டுவானுக்குக் கொண்டுவந்து விடும். தேநீர் பரிமாறுவதாலோ நோயாளியை ஏற்றுவதாலோ யாரும் ஆமியை விருந்தோம்பல் துறை என்றோ நேவியை அம்புலன்ஸ் சேவை என்றோ எண்ணுவதில்லை. படை ஒன்று அமைதிக் காலத்தில் நூறு வேலை பார்க்கும். ஸ்டார்ஃப்ளீட்டின் நூறு வேலைகளில் 95 ஆராய்ச்சி என்பது உண்மையாகவே இருக்கட்டும். அதன் அமைப்பு என்ன என்ற கேள்விக்கு அந்தக் கணக்கு பதில் தராது.

2022 ஓகஸ்ட் 16இல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு வந்த யுவான் வாங் 5 விவகாரம் நினைவிருக்கும். செயற்கைக்கோள்களையும் ஏவுகலங்களையும் பின்தொடரும் கப்பல் அது. சீனா அறிவியல் ஆய்வு என்றது. ஏவுகணைகளைக் கண்காணிக்கவும் அதே கருவிகள் உதவும் என்பது இந்தியாவின் கவலை. அடுத்தடுத்து இப்படி வந்த இழுபறிகளின் பின், 2024 ஜனவரி முதல் ஓராண்டுக்கு வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களை இலங்கை நிறுத்திவைத்தது. பெரிய அலைவாங்கி நட்சத்திரத்தையும் பார்க்கும், ஏவுகணையையும் பார்க்கும். என்டர்பிரைஸின் உணரிகளைப் பற்றி தொடரில் வரும் போட்டி இனமான கிளிங்கன்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டால், அந்த நாள்களின் பத்திரிகைத் தலைப்புகளைப் புரட்டினால் போதும்.

எல்லாவற்றிலும் வலுவான சோதனை வேறு ஒன்று. அந்தச் சமூகத்தின் மீது அடி விழுந்தால், அடிக்க வருவது யார்? ஸ்டார்ஃப்ளீட்டைத் தவிர வேறு படை உண்டா?

கதையின் காலவரிசைப்படி 2150களில் இதற்கு விடை: உண்டு. 2003இல் ஒளிபரப்பான, என்டர்பிரைஸ் என்றே பெயர் கொண்ட இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரின் மூன்றாம் பருவத்தில், சிண்டி என்ற எதிரியைத் தேடிப் போகும் கப்பலில் மாகோ என்ற தனிப் படைப்பிரிவின் வீரர்கள் ஏறுகிறார்கள். அவர்கள் ஸ்டார்ஃப்ளீட் ஆட்கள் இல்லை, பூமியின் இராணுவம். கப்பலின் ஆயுத அதிகாரி ரீடுக்கும் மாகோவின் மேஜர் ஹேஸுக்கும் யார் பெரியவர் என்று கைகலப்பே நடக்கிறது. அந்தக் காலத்து ஸ்டார்ஃப்ளீட்டை நோவா போன்ற ஓர் ஆய்வுச் சேவை என்று வாதாட இடமுண்டு. பக்கத்தில் உண்மையான இராணுவம் தனியாக நிற்கிறது.

2161இல் கூட்டமைப்பு உருவான பிறகு நிலைமை மாறுகிறது. 2016இல் வந்த திரைப்படம் சொல்வதன்படி, மாகோ கலைக்கப்பட்டு அதன் வீரர் ஒருவருக்கு ஸ்டார்ஃப்ளீட் கப்பல் ஒன்று கொடுக்கப்படுகிறது. ஸ்டார்ஃப்ளீட் இராணுவம் இல்லை என்பதுதான் கலைப்புக்கு அங்கே சொல்லும் காரணம். இதைப் பிக்கார்ட் கட்சிக்காரர் வெற்றியாக எடுத்துக் காட்டுவார்கள். எனக்கு இது எதிர்த்திசையில் தெரிகிறது. தனி இராணுவத்தைக் கலைத்துவிட்டால் அதன் கடமை காற்றில் கரைந்துவிடாது. மிஞ்சியிருக்கும் ஆயுத அமைப்பின் தலையில் விழும். 1990களின் பிற்பகுதியில் ஒளிபரப்பான கதைகளில் டொமினியன் என்ற எதிரி வல்லரசோடு போர் மூண்டபோது கூட்டமைப்பின் சார்பில் கப்பலோடும் துப்பாக்கியோடும் நின்றது ஸ்டார்ஃப்ளீட் மட்டுமே.

நிஜ உலகில் இதற்கு இரண்டு நல்ல இணைகள் உண்டு. ஐஸ்லாந்துக்கு நிலையான இராணுவம் கிடையாது, ஆனால் கரையோரக் காவற்படை உண்டு. தன் மீன்பிடி எல்லையை 200 கடல்மைலாக விரித்தபோது, 1975-76இல் பிரித்தானிய இழுவைப்படகுகளின் வலைக் கம்பிகளை வெட்டியதும், காவலுக்கு வந்த ரோயல் நேவிக் கப்பல்களோடு முட்டி மோதியதும் அந்தக் காவற்படைதான். இழுவைப்படகுப் பிரச்சினை என்றால் என்ன என்று வடக்குக் கடற்றொழிலாளருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பியை வெட்டும் கருவி ஒன்றைக் கப்பலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் ஒரு சின்ன நாடு வென்றது என்பது வேண்டுமானால் புதிதாக இருக்கலாம். மற்றது ஜப்பான். அதன் அரசியலமைப்பின் 9ஆவது உறுப்புரை போர்ப்படை வைத்திருப்பதில்லை என்கிறது. 1954 முதல் இருப்பது தற்காப்புப் படை. அதன் கப்பல்களுக்கு 'நாசகாரி' என்று பெயர் வைப்பதில்லை, எல்லாம் 'காவல் துணைக் கப்பல்' வகை. ஏறக்குறைய 248 மீற்றர் நீளமும் முழுத் தட்டையான மேற்தளமும் கொண்ட இசுமோவும் அந்த வகையில்தான் பதிவாகியிருக்கிறது. ஸ்டார்ஃப்ளீட்டும் அப்படியே செய்கிறது: 'போர்க்' எதிரியைச் சமாளிப்பதற்கென்றே கட்டிய டிஃபையன்ட் கப்பலுக்குக் காகிதத்தில் 'துணைக் கப்பல்' என்று பெயர். அதன் கப்டன் சிஸ்கோவே அது போர்க்கப்பல்தான் என்று ஒப்புக்கொள்கிறார்.

'கரையோரக் காவல்' என்ற பெயரைப் பார்த்து முடிவெடுப்பதும் ஆபத்து. அமெரிக்கக் கரையோரக் காவற்படை சட்டப்படி எக்காலமும் ஆயுதப்படை. இலங்கையில் அதே பெயருள்ளது 2009ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த ஒரு திணைக்களம். இன்று இலங்கைக் கடற்படையில் இருக்கும் கஜபாகு, முன்னர் ஷெர்மன் என்ற பெயரில் அமெரிக்கக் கரையோரக் காவற்படையில் ஓடியது. வியட்நாம் போரிலும் ஈடுபட்டது. பெயரும் சொந்தக்காரரும் மாறின, இரும்பு அதேதான்.

இடையில் பலரும் கலந்துவிடும் இன்னொன்று, ஆள் வேறு, அமைப்பு வேறு என்பது. 1984இல் விண்வெளிக்குப் போன ராகேஷ் சர்மா இந்திய விமானப்படை அதிகாரி. இந்தியாவின் ககன்யான் விண்வெளிப் பயணத்துக்கு 2024இல் அறிவிக்கப்பட்ட நால்வரும் விமானப்படை விமானிகள். அதனால் இஸ்ரோ இராணுவமாகிவிடவில்லை. 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை இதை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. நிலவிலும் பிற கோள்களிலும் இராணுவத் தளம், ஆயுதப் பரிசோதனை, போர்ப் பயிற்சி மூன்றையும் தடுக்கும் 4ஆம் உறுப்புரை, அறிவியல் ஆய்வுக்குப் படையினரைப் பயன்படுத்துவதைத் தடுக்கவில்லை. ஆகவே 'கேர்க் படைவீரர்போல நடக்கிறார், எனவே ஸ்டார்ஃப்ளீட் படை' என்பது வாதமே ஆகாது. (பிக்கார்ட் அன்று வைத்த போர்ப் பயிற்சி கோளில் நடக்காமல் விண்வெளியில் நடந்தது, இந்த உடன்படிக்கையில் தப்பிவிடுவார்.)

எதிர்த்தரப்பின் கையில் உள்ள நல்ல சீட்டு இரண்டு. ஒன்று, விலகும் சுதந்திரம். 1991இல் ஒளிபரப்பான கதையில் வோர்ஃப் என்ற அதிகாரி, வேறொரு நாட்டின் உள்நாட்டுப் போரில் சண்டை பிடிக்கப் போவதற்காகப் பதவியை விட்டு விலகுகிறார். போர் முடியத் திரும்பி வந்து சேர்கிறார். எந்த இராணுவத்திலும் இது இவ்வளவு இலகுவில் நடக்காது. ஆனால் டேட்டா என்ற இயந்திர மனிதர் விலக முயன்றபோது, அவர் ஸ்டார்ஃப்ளீட்டின் உடைமை என்று சொல்லித் தடுத்தார்கள், அதன் சட்டப் பிரிவு அதிகாரியின் முன்னால் விசாரணையும் நடந்தது. இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்தால் இந்தச் சீட்டு பாதி பலம் இழந்துவிடும்.

மற்றது குடும்பங்கள். பிக்கார்டின் கப்பலில் ஆயிரத்துக்கு மேல் ஆட்கள். பிள்ளைகள், பள்ளிக்கூடம், முடிவெட்டும் கடை எல்லாம் உண்டு. போர்க்கப்பலில் யார் பிள்ளைகளை ஏற்றுவார்கள்? கேள்வி நியாயமானது. இதற்குப் போர்ச் சட்டம் தரும் விடை கொஞ்சம் கசக்கும். கப்பல் இராணுவ இலக்கு என்றால், உள்ளே பொதுமக்கள் இருப்பதால் அது இலக்கு இல்லாமல் போகாது. தாக்குகிறவர், பொதுமக்களுக்கு வரும் சேதம் கிடைக்கும் இராணுவப் பயனை மிஞ்சிவிடுமா என்று நிறுக்க வேண்டும். அவர்கள் இருப்பதால் கப்பலுக்கு முழுக் காப்பு வந்துவிடாது. கப்பலின் வைத்தியரோ ஜெனீவாச் சமவாயப்படி தனிப் பாதுகாப்பு உள்ளவர், தற்காப்புக்குச் சிறிய ஆயுதம் வைத்திருந்தாலும் அது போகாது. துறைமுகத்தில் கட்டியிருக்கும் ஆய்வுக் கப்பலை எதிரி சுட்டால் அது போர்க்குற்றம் ஆகலாம். ஸ்டார்ஃப்ளீட் கப்பலைச் சுட்டால் பெரும்பாலும் ஆகாது. ஆமியா இல்லையா என்று இவ்வளவு மினக்கெடுவதற்கு அங்கேதான் அர்த்தம் இருக்கிறது. தங்களை இராணுவம் இல்லை என்று நம்பிக்கொண்டு பிள்ளைகளை ஏற்றுபவர்கள், அந்தப் பிள்ளைகளுக்கு இல்லாத பாதுகாப்பு இருப்பதாக எண்ணிவிடுகிறார்கள்.

எனவே என் கணிப்பு: 2150களில் அது இராணுவம் இல்லை, அல்லது பாதிதான். 2161க்குப் பின் அது ஆய்வை முதல் வேலையாகக் கொண்ட ஆயுதப்படை. பிக்கார்ட் பொய் சொல்லவில்லை, எதை முதன்மையாக மதிக்கிறார் என்பதைச் சொல்கிறார். கட்டமைப்பு அவர் பேச்சைக் கேட்காது.

சொந்தமாக ஒரு விண்வெளிக் கப்பற்படையைக் கற்பனை செய்து கதை எழுதுபவர்கள், சீருடையின் நிறத்துக்கு முன்னர் சில விடயங்களை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கப்டன் குற்றம் செய்தால் யார் விசாரிப்பார்கள், படை நீதிமன்றமா சிவில் நீதிமன்றமா? ஒரு பொறியியலாளர் நாளைக்கு வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாமா, போர் தொடங்கினாலும் போகலாமா? சுடும் அனுமதியைக் கொடுப்பது கப்டனா, கரையில் இருக்கும் தெரிவுசெய்யப்பட்ட ஒருவரா? பக்கத்தில் வேறு படை இருக்கிறதா? இருந்தால் ஒரே கப்பலில் இரண்டும் போகும்போது யார் கட்டளை செல்லும்? கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால் நடுக்கதையில் ரீடும் ஹேஸும் அடிபட்ட மாதிரி உங்கள் பாத்திரங்களும் அடிபடும். அதைத் தெரிந்தே செய்தால் நல்ல அத்தியாயம் ஒன்று கிடைக்கும். தெரியாமல் வந்தால், மூன்றாம் அத்தியாயத்தில் மேஜருக்குக் கட்டளையிட்ட கப்டன் ஏழாம் அத்தியாயத்தில் அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்பார், வாசகர் உடனே பிடித்துவிடுவார்.